கோயில் மாத்திரை

முரளி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. அங்கே நலமில்லை என்று எனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். அடுத்த வியாழக்கிழமை ஹேமாவுக்கு ஆபரேஷன், திருப்பதியிலேயே, அந்த டாக்டரம்மாவே செய்கிறார், நீ வந்து பதினைந்து நாள் கூட இரும்மா என்றாய். சரி என்றேன். அதோடு நீ போனை வைத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. வைக்கப் போகிற நேரத்தில் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, "மாத்திரைய ஒழுங்கா துன்னிருந்தா இந்தக் கதியே வந்திருக்காது" என்றாய். இந்தப் பக்கம் உன் நைனா உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு பேசுகிற விஷயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உன் பெண்டாட்டி மாத்திரையைத் தானாக நிறுத்தவில்லை. நிறுத்த வைத்தவள் நான்.

உன் வீட்டுக்கு வந்து ரசம் வைத்துக்கொண்டு நிற்பதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகும் வா என்று கூப்பிடுவாயா, மாட்டாயா, அது உன் இஷ்டம். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன், தமிழ் எழுத்து நான் சொல்லிக்கொடுத்தது, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகவே படி. ஹேமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. முதலில் நீ தனியாகப் படித்து முடி.

உனக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம் நான் திருப்பதிக்கு வந்திருந்தேனே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது ஹேமா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். முகமெல்லாம் வெளுத்து, தலையணையைக் கடித்துக்கொண்டு. நீ கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாய். குக்கரில் சாதம் வைத்திருந்தாய். ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி அவள் அடிவயிற்றில் வைத்துவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நான் சமையலறை வாசலில் பையோடு நின்றேன். நீ என்னை வா என்று சொல்லக்கூட எழுந்திருக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கு எரிந்தது பார், அதற்கு நான் இன்றுவரை வேறு பெயர் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். மருமகள் சோம்பேறி, மகன் பெண்டாட்டிதாசன், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்றெல்லாம். அதெல்லாம் இல்லை, முரளி. பொறாமை. இருபத்தெட்டு வயது பிள்ளையைப் பெற்றவள், இருபத்துநாலு வயதுப் பெண்ணின் பாதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என் பாதத்தை யாரும் அப்படித் தொட்டதில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? இல்லை. "இதெல்லாம் எல்லா பொம்பளைக்கும் வர்றதுதான்" என்றேன். நீ தலையைக் கூடத் திருப்பாமல், "எல்லாருக்கும் வந்தா அது சரின்னு ஆயிடுமா?" என்று கேட்டாய். அன்று சாயங்கால பஸ்ஸுக்கே சித்தூர் திரும்பிவிட்டேன். உன் நைனா ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு, அங்கே எனக்கு வேலையில்லை என்றேன். அது உண்மைதான்.

என் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. அம்மா மாம்பழக் கூழ் பாக்டரிக்குப் போவாள், வருவாள், வந்ததும் படுத்துக்கொள்வாள் என்ற அளவுக்குத்தான் தெரியும். சீசனில் பங்காருபாளையத்திலிருந்து டிராக்டர் டிராக்டராகக் காய் வரும். நாங்கள் மேசையைச் சுற்றி நின்றுகொண்டே எட்டு மணி நேரம் தோல் சீவி நறுக்க வேண்டும். அந்த நாள் வந்துவிட்டால் எனக்கு இடுப்பிலிருந்து கீழே ஒன்று பிசைய ஆரம்பிக்கும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாம்பழ வாசனையே வாந்தி வரவைக்கும். மேஸ்திரி பார்த்துவிட்டு, மாசாமாசம் நாடகம் போடுகிறாள் என்பான். கூட நிற்கிற பெண்கள் சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். கல்யாணமானால் சரியாகும் என்றார்கள், ஆகவில்லை. பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள், நீ பிறந்தாய், ஒரு வருஷம் சும்மா இருந்தது, மறுபடி வந்தது. இரண்டாவது பிள்ளை ஏன் இல்லை என்று உன் அத்தைமார்கள் என்னை எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? மகனுக்கு எழுதக் கூடாததுதான், ஆனாலும் எழுதுகிறேன். உன் நைனா பக்கத்தில் வந்தாலே எனக்கு வலிக்கும். கொல்லைக்குப் போய் உட்கார்ந்தாலும் அந்த நாட்களில் கத்தியால் கிழிக்கிற மாதிரி இருக்கும். இதை யாரிடம் சொல்வது?

உன் நைனா கெட்டவர் இல்லை. அதை நீ மனதில் வைத்துக்கொள். பஸ்ஸில் நாள் முழுக்க டிக்கெட் கிழித்துவிட்டு வந்து, நான் சுருண்டு கிடந்தால் கடைக்குப் போய் ஒரு கோலி சோடா வாங்கி வருவார். அவருக்குத் தெரிந்த வயிற்றுவலி அது ஒன்றுதான், வாயு. குடித்துவிட்டு ஏப்பம் விட்டால் போய்விடும் என்று எதிரில் உட்கார்ந்து காத்திருப்பார். அவருக்காகவே பொய் ஏப்பம் விட்டிருக்கிறேன்.

எனக்கு முப்பத்தைந்து வயதில் சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் காட்டினோம். ஒரே ஒரு ஸ்கேன். கர்ப்பப்பையில் புண், விட்டால் கேன்சராகும், ஒரு பிள்ளைதான் இருக்கிறானே, எடுத்துவிடலாம் என்றார்கள். எங்கள் மேசையில் நிற்கிற பெண்களில் பாதிப் பேர் எடுத்தவர்கள்தான். பல் பிடுங்குவது போலப் பேசிக்கொள்வோம். நானும் எடுத்துக்கொண்டேன். இனி தொல்லை விட்டது என்று எல்லோருக்கும் இனிப்பு கூடக் கொடுத்தேன். எட்டாவது மாதம் அதே இடத்தில் அதே வலி வந்தது. உன் நைனாவிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போய், "எட்துட்டாங்களே, இன்னும் எங்க வலிக்கும்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, திட்டு இல்லை, தெரியாமல் கேட்டார். அதோடு நான் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். இல்லாத ஒன்று வலிக்கிறது என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். பதினாலு வருஷமாக நிறுத்தி வைத்திருக்கிறேன், முரளி. உனக்கும் இன்றுதான் தெரிகிறது.

இப்போது ஹேமாவுக்கு வருகிறேன். அவளுக்கு மட்டும் எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், அதுவும் பொய். முதல் டாக்டர் வாயு மாத்திரை கொடுத்தார். இரண்டாவது டாக்டர் ஸ்கேனில் ஒன்றுமில்லை, மனசை லேசாக வைத்துக்கொள் என்றார். மூன்றாவது டாக்டர் பிள்ளை பெற்றுக்கொள், போய்விடும் என்றார். எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொல்கிறார்களே என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி கூட இருந்தது. ஆனால் நீ விடவில்லை. அவளை நான்காவது இடத்துக்குக் கூட்டிப்போனாய். அன்றைக்குத் துணைக்கு என்று என்னையும் இழுத்துப்போனாயே, அதுதான் நீ செய்த தப்பு.

அந்த டாக்டரம்மா ஸ்கேன் காகிதத்தைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தெலுங்கில் ஒவ்வொன்றாகக் கேட்டார். வயசுக்கு வந்ததிலிருந்தே வலியா? பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நாள் போகாமல் இருந்தாய்? வெளிக்குப் போகும்போது வலிக்கிறதா? புருஷனோடு இருக்கும்போது? வலி முதுகுக்கும் தொடைக்கும் இறங்குகிறதா? ஹேமா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே அழுதாள். நான் பக்கத்து நாற்காலியில் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வி பாக்கியில்லாமல் எல்லாமே எனக்கு வர வேண்டிய கேள்விகள். முப்பது வருஷம் கழித்து வந்தன, அதுவும் பக்கத்து நாற்காலிக்கு. அங்கேயே எழுந்து அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டு, என்னைக் கேளுங்கள் என்று உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. சிரிக்காதே. உண்மையாகவே கால் எழுந்தது.

எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார். எனக்கு அது நாக்கில் வர ஒரு வாரம் ஆயிற்று. கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சதை மாதிரி ஒன்று வெளியே, முட்டைப்பையில், குடல் பக்கத்தில் எல்லாம் வளர்கிறது. மாதாமாதம் அதுவும் கசிகிறது. போக வழியில்லாமல் உள்ளேயே புண்ணாக்கி ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். அவரே மறுபடி ஸ்கேன் செய்து பார்த்ததில் ஹேமாவின் இடது பக்கம் சின்னதாக ஒரு கட்டி இருந்தது, சாக்லேட் கட்டி என்றார். அடியோடு தீர்க்கிற மருந்து இல்லை, அடக்கி வைக்கலாம். தினம் ஒரு மாத்திரை, தீட்டு நின்றுவிடும், பயப்படாதே, என்னைக் கேட்காமல் நிறுத்தாதே என்றார். கடைசி வார்த்தையை இரண்டு தரம் சொன்னார். நான் காதால் கேட்டேன். இதை நீ குறித்து வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்றாவது மாதத்தில் ஹேமா வேறு ஆளாகிவிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. விட்ட வேலைக்கு மறுபடி போனாள். வீடியோவில் பேசும்போது சிரித்தாள். ஒரு மாத்திரை! பட்டாணி அளவு கூட இல்லை. அதற்குள் முடிகிற விஷயத்துக்கா நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயதைத் தீர்த்தேன், அதற்கா வயிற்றைக் கிழித்துக்கொண்டேன்? அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு வெறுப்பு ஏறியது. அவள் வலியோடு இருந்தபோது கூட அவ்வளவு பொறாமை இல்லை, வலி போன பிறகுதான்.

மே மாதம் கங்கம்மா ஜாத்திரைக்கு நீங்கள் இருவரும் சித்தூர் வந்தீர்கள். நீ இரண்டு நாளில் கிளம்பிவிட்டாய், அவளை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போனாய். நம் பக்கத்துப் பெண்களுக்குத் தீட்டை நிறுத்துகிற மாத்திரை என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும். திருமலைக்குத் தரிசன டிக்கெட் போட்டாயிற்று, தேதி இடிக்கிறது என்றால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி ஐந்து நாள் போட்டுக்கொள்வோம். அதற்குக் கோயில் மாத்திரை என்று பெயர். நானும் எத்தனையோ தரம் போட்டிருக்கிறேன். அதை வைத்துத்தான் ஆரம்பித்தேன். ஹேமா காலையில் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்தபோது, "கோயில் மாத்திரைய யாராவது வருஷம் முச்சூடும் துன்னுவாங்களா? கெட்ட ரத்தமெல்லாம் உள்ளயே தங்கிப்பூடும், அப்புறம் புள்ள எங்கேர்ந்து வரும்?" என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள், இது அது இல்லை அத்தை, வேறு மருந்து, பிள்ளை வேண்டும் என்கிறபோது டாக்டரே நிறுத்தச் சொல்வார் என்று. எனக்கு அது தெரியாதா? பக்கத்து நாற்காலியில்தானே இருந்தேன். ஆனால் என்னைப் போல ஒரு பாக்டரிக்காரி கோயில் மாத்திரை என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஐயோ பாவம், தெரியாமல் சொல்கிறாள் என்பார்கள். தெரியாதவளாக நடிப்பது எனக்கு ரொம்பச் சுலபம், வாழ்க்கை முழுக்க அதைத்தானே செய்தேன்.

நான்கு நாள் விடாமல் சொன்னேன். பேரப்பிள்ளை முகம் பார்க்காமல் செத்துப்போவேன் என்றேன். நாற்பத்தொன்பது வயதில் சாவைப் பற்றிப் பேசினேன், எனக்கே கேவலமாக இருக்கிறது. கடைசி நாள் ஜாத்திரைக் கூட்டத்தில் கங்கம்மா சன்னிதிக்குக் கூட்டிப்போய், அவள் உள்ளங்கையில் குங்குமத்தை வைத்து மூடி, "ரெண்டு மாசம் நிறுத்திப் பாக்கறேன், முரளிகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அம்மனைப் பார்த்தாள். மாமியார் கேட்கிறாள், ஊரே சுற்றி நிற்கிறது, என்ன செய்வாள்? சொன்னாள். அந்த அட்டைகளை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

எல்லோரும் நினைப்பது போல இது பேரப்பிள்ளை ஆசை இல்லை. உன் நைனாவே அப்படித்தான் நினைப்பார், நீயும் இந்த வரி வரைக்கும் அப்படித்தான் நினைத்திருப்பாய். எனக்கு வராதது அவளுக்கு வந்துவிட்டது, அது பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஜூலையில் அவள் வேலை செய்கிற இடத்திலேயே விழுந்தாள். கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நீ போன் செய்ததும் நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன். கட்டி இரண்டு பங்காகியிருந்தது. மாத்திரையை நிறுத்தியதால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சிலருக்கு மாத்திரையிலும் வளரும், ஆனாலும் நிறுத்தியிருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். அதில் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ள முடியும். வேண்டாம். கட்டியை விடு, அந்த இரண்டு மாத வலி என் கணக்குதான். நீ வார்டிலேயே அவளைப் பார்த்துக் கத்தினாய். ஏன் நிறுத்தினாய், யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று. அவள் மறந்துவிட்டேன் என்றாள். அறுபது நாள் யாராவது மறப்பார்களா? நீ அதையும் நம்பினாய். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அங்கே சுருண்டு கிடந்ததைப் பார்த்தபோது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மீதி எழுதினதற்கு அர்த்தமில்லை.

நீ மருந்து வாங்கக் கீழே இறங்கிப் போனாய். அவள் கண்ணைத் திறந்தாள். திட்டப் போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தே, உங்களுக்கும் இதானே?" என்றாள். "பாத்துக்கினுதான் இருக்கேன். பாத்திரம் கழுவறப்ப செவுத்த புடிச்சிக்கினு நிக்கிறீங்க. ஒக்காந்து எழுந்துக்கறப்ப பல்ல கடிக்கிறீங்க. எனக்குத் தெரியாதா அது?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்த முதல் ஆள். நீ இல்லை, உன் நைனா இல்லை, எந்த டாக்டரும் இல்லை. எவள் மாத்திரையைப் பிடுங்கினேனோ அவள். அப்போதாவது ஆமாம் என்று சொன்னேனா? "எனக்கு ஒண்ணுமில்ல, நீ படு" என்று கையை உருவிக்கொண்டேன். அவளிடமிருந்து அதை வாங்கிக்கொள்வது கூட எனக்குப் பொறுக்கவில்லை. என் கதி அது.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பாதம் தேய்க்கத் தெரிந்தவன் நீ, ஆனால் அது மட்டும் போதாது. வலிக்கும்போது நம்பினாய், நிறுத்திவிட்டாள் என்றதும் அவளையே குற்றவாளியாக்கினாய். வேறு ஏதாவது காரணம் இருக்குமா என்று ஒரு தரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அவள் சத்தியத்தை மீறியாவது சொல்லியிருப்பாள். உன் நைனா எனக்கு சோடா வாங்கி வந்தார், நீ வெந்நீர்ப் பை வைக்கிறாய். இரண்டு பேருமே கேள்வி கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கேள். கட்டியை மட்டும் எடுப்பார்களா, ஒட்டியிருப்பதையும் பிரிப்பார்களா, முட்டைப்பைக்கு என்ன ஆகும், பிறகு மாத்திரை எத்தனை காலம், திரும்ப வந்தால் என்ன செய்வது என்று. திரும்ப வரலாம், அதற்கு அவளைத் திட்டாதே. மொத்தமாக எடுத்துவிடலாம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால், என் அம்மா எடுத்தாள், வலி போகவில்லை என்று சொல். பிள்ளை எப்போது என்று அவளை யாரும் கேட்கக் கூடாது. கேட்பவர்கள் பட்டியலில் முதலில் நான் இருப்பேன், எனக்கும் வாயை மூடு என்று சொல். எனக்குச் சொன்னால் உறைக்கும்.

ஹேமாவிடம் சொல்: கங்கம்மா முன்னால் அவளிடம் வாங்கின சத்தியத்தை நானே போய் விட்டுவிட்டு வந்தேன். நேற்றுக் காலையில் போனேன், கூட்டமில்லை. இனி அவள் யாரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மன்னிப்பை நான் கடிதத்தில் கேட்க மாட்டேன், நேரில்தான் கேட்க வேண்டும், நீ வா என்று சொன்னால். வர வேண்டாம் என்றால் உன் நைனா வருவார், அவருக்கு ரசம் வைக்கத் தெரியும். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. அவள் ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்கும்போது நீ தோளைப் பிடித்துக்கொள்வாய், அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. எரிந்தாலும் அவள் எழுந்து நடக்க வேண்டும். இரண்டும் என்னிடம் இருக்கிறது, ஒன்றை மறைத்து இன்னொன்றைக் காட்டுகிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். என்னைக் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி, இதை மட்டும் செய். ஹேமாவுக்குத் தையல் பார்க்க டோக்கன் போடுகிற அன்றைக்கு, டாக்டரம்மாவிடம் என் பெயருக்கும் ஒரு டோக்கன் போடு. கவுன்ட்டரில் என்ன தொந்தரவு என்று கேட்டால் அடிவயிற்று வலி என்று சொல். கர்ப்பப்பை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல். இல்லாமல் எப்படி வலிக்கும் என்று அந்தப் பெண் உன்னைப் பார்ப்பாள், முரளி. அப்போது நீ திரும்பி என்னைப் பார்க்காதே. வலிக்கிறது என்று சொல்.